ஏலக்காய் போடாத பிஸ்கட்

தட்டை உப்புச் சட்டிக்குள்ள எறக்கி, மூடியப் போட்டு, மூடிமேல அம்மிக் குழவியத் தூக்கி வச்சாச்சு. இனிமே செபமாலையில ஐம்பத்து மூணு மணியும் உருண்டு முடியுற வரைக்கும் பிஷப்பே வந்து வாசல்ல நின்னாலும் மெட்டில்டா அந்த மூடியத் தொறக்க மாட்டா. கடிகாரம் இல்லாம இல்ல, சொவத்துல பூசணிக்காய் கணக்கா ஒண்ணு தொங்குது, அது பாட்டுக்குத் தொங்கட்டும். நெய் பிஸ்கட்டுக்குக் கடிகாரம் ஆகாது. அஞ்சாங்கிளாசோட புத்தகத்த மூடிட்டு கன்னியர் மடத்து அடுப்படியில கரி அள்ளப் போனவ அவ, அங்க பிரிட்டோனா சிஸ்டர் இப்படித்தான் பழக்கி விட்டாவ. கோவா பக்கத்து சிஸ்டர், தமிழ நாக்குல வச்சு மூணு உருட்டு உருட்டித்தான் வெளிய விடுவாவ. "மெத்தில்தா, மூடி தொறக்காதே, உள்ளே பாப்பா தூங்குது." ஒரு செபமாலை சொல்லி முடிச்சா ஒரு தட்டு வெந்துரும், அம்புட்டுதான் கணக்கு. ஆனா அதுக்கு மூணு சட்டம் உண்டு. ஓடக்கூடாது, வரிய முழுங்கக்கூடாது, அடுத்த ஆளு மாதிரி சொல்லக்கூடாது. மூணாவது சட்டம் மெட்டில்டாவுக்காகவே போட்டது. மதர் சுப்பீரியர் மாதிரி மூக்கால செபம் சொல்லி அடுப்படிய சிரிக்க வச்சவ காதத் திருகி, "அது அவங்க செபம், உன் செபம் எங்கே"ன்னு கேட்டாவ. காது இன்னும் சொல்லும். சட்டிக்குள்ள அடியில கெடக்குறது புருசன் கஸ்பார் வேலை பாக்குற உப்பளத்துக் கல்லுப்பு, பதினோரு வருசமா அதே உப்புத்தான், வெந்து வெந்து காப்பித்தூள் நெறத்துக்கு வந்துட்டு. அவரும் அப்படித்தான் வந்துட்டாரு, ஆனா அவரப் போட்டு பிஸ்கட் சுட முடியாது. மெட்டில்டா தனக்குத்தானே சிரிச்சுக்கிட்டு செபமாலைய எடுத்தா.

மொத பரலோகமந்திரம் வாய் பாட்டுக்கு ஓடுச்சு. ஒவ்வொரு பத்து மணிக்கும் முன்னால அது ஒண்ணு சொல்லணும், அதுல நமக்குக் கெடுதல் செஞ்சவியள நாம பொறுத்துக்கிடுற மாதிரி நீரும் எங்களப் பொறுத்துக்கிடும்னு ஆண்டவர்ட்ட கேக்குற எடம் வரும், அதயும் தாண்டி ஓடிட்டு, பஸ்சுல போறவ தெனம் பாக்குற கரண்டு போஸ்ட்டு மரத்தப் பாக்காத மாதிரி. மனசு பூரா நெய்யில இருந்துச்சு. கித்தேரி நல்ல நெய்தான் வாங்கியாந்துருக்கா, குருணை குருணையா, வெரல்ல தொட்டா சூட்டுக்கு வழுக்குது. இருபத்திரெண்டு வருசமா பக்கத்து வீடு, ஒரு நாள் இப்படி நெய் கொண்டாந்தது உண்டுமா. டால்டாவக் கொண்டாந்து நெய்னு சாதிப்பா. காலையில பத்து மணிக்கு எவர்சில்வர் டப்பாவும் கையுமா வந்து நின்னா. "ஏட்டி மெட்டில், ஒரு தட்டு சுட்டுத் தாயேன். முப்பத்தியொண்ணு வந்தாப் போதும். சாயங்காலம் நாலு மணிக்கு வந்து எடுத்துக்கிடுதேன்." எதுக்குட்டி இம்புட்டு அவசரம்னு கேட்டதுக்கு, "ஒரு விசேஷம். சொல்லுதேன், சொல்லுதேன்"ன்னா. வாசப்படி வரைக்கும் போனவ திரும்பி வந்தா. "ஏலக்காய் மட்டும் போட்டுறாத, என்ன." ஏலக்காய் போடாட்டி அது பிஸ்கட்டா, சுண்ணாம்புக் கட்டின்னு இவ சொல்ல, "எனக்காவட்டி"ன்னு தாடையத் தொட்டுட்டுப் போனா. சரின்னு சீனியத் தனியா, வெறுமன அரைச்சா. மிக்சிக்குள்ள கை தானா ரெண்டு ஏலக்காயத் தூக்கிட்டுப் போச்சு, கையில ஒரு அடி போட்டுத் திருப்பிக் கொண்டாந்தா. மேல தூவுறதுக்கும் வெறும் சீனிதான் டீ வடிகட்டியில போட்டு ரெடியா இருக்கு. மூணாவது மணி. நாலாவது மணி. கித்தேரி ஏலக்காய் டீ குடிக்கிறவதான, நாளைக்கு நாலு தடவ. அவ மக அன்சிலாவும் ஏலக்காயக் கடிச்சுக்கிட்டுத்தான் சுத்தும். பெறவு யாருக்கு ஆகாது. அஞ்சு. ஆறு. விசேஷத்துக்கு வாரவிய யாருக்கோ ஆகாது. யாருக்கோ. ரெண்டாவது பரலோகமந்திரமும் போஸ்ட்டு மரம் மாதிரி போயிட்டு. முப்பத்தியொண்ணு. கிறிஸ்மசுக்குப் பலகாரம் கேக்கறவ அம்பது கேப்பா, நூறு கேப்பா, ஒத்தப்படையில எவளாவது கேப்பாளா. ஒத்தப்படையில தட்டுல அடுக்குறது நிச்சயத்துக்குத்தான். அன்சிலா கோயமுத்தூர்ல இருந்து லீவு இல்லாத நாளையில வந்து எறங்கி நாலு நாளாச்சு. போன வாரம் கித்தேரி கீரை ஆஞ்சுக்கிட்டே, "கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கணும்னா எத்தன ஞாயித்துக்கெழம முந்தியே சாமியார்ட்ட சொல்லணும்ட்டி"ன்னு சும்மா கேக்குற மாதிரி கேட்டா. ஏலக்காய் யாருக்கு ஆகாது. மணிய உருட்டுன பெருவெரல் நின்னுபோச்சு. அவளுக்குத் தெரியும். யாருக்கு ஆகாதுன்னு இந்தத் தெருவுல அவ வீட்டுக்கும் கித்தேரிக்கும் மட்டுந்தான் தெரியும்.

விண்ணரசி அம்மாவுக்கு ஆகாது. மாதா கோயில் திருவிழாக் கொடி எறக்குன மறுவாரம் அவிய மகன் கிளாட்வினுக்கு இவ மக ரெக்சிலினப் பொண்ணு பாக்க வந்தாவ, இதே வீட்டுக்கு, அதோ அந்த நாற்காலியில உக்காந்தாவ. பையன் கப்பல்ல இஞ்சின் வேலை, தங்கமான புள்ள, தலையத் தூக்கி ரெக்சிலின ஒரு தடவதான் பாத்தான், பாத்துட்டுத் தண்ணிய மூணு கிளாஸ் குடிச்சான். புடிச்சுப்போச்சுன்னு அப்பவே தெரிஞ்சுட்டு. மெட்டில்டா தட்டுல பிஸ்கட் கொண்டாந்து வச்சா. விண்ணரசி அம்மா ரெண்டு வெரலால ஒண்ண எடுத்தாவ, பல்லி வால எடுக்கற மாதிரி, மூக்குக்கிட்ட கொண்டு போனாவ, மூக்கு ரெண்டு பக்கமும் விரிஞ்சு சுருங்கிச்சு. "ஏலக்காயா போட்டுருக்கு. எனக்கு ஆகாதே. தொண்டையில பூனை ஏறி உக்காந்துக்கிடும்." தட்டுல திருப்பி வச்சுட்டு, வெரல்ல ஒட்டுன சீனிய மட்டும் யாருக்கும் தெரியாம நக்கிக்கிட்டாவ. இது போதாதா மெட்டில்டாவுக்கு. கார் தெருவு திரும்பல, அடுப்படித் துண்ட நாலா மடிச்சுத் தோள்ல போட்டா, அந்தம்மா பட்டுச்சேலை முந்தி நிக்கிறாப்புல, ரெண்டு வெரலத் தூக்கினா, மூக்க விரிச்சா. பூனையும் ஏறிச்சு, உக்காந்துச்சு, குட்டியும் போட்டுச்சு. கித்தேரி சிரிச்சு சிரிச்சு கிரைண்டர் மேலயே உக்காந்துட்டா. "நிப்பாட்டுட்டி, சீலையில போயிருவேன்." அவ மட்டுந்தான் இருந்தா. கஸ்பார் காருக்கு வழி காட்டப் போயிருந்தாரு, ரெக்சிலின் உள்ளாற நகையக் கழத்திக்கிட்டு இருந்துச்சு. ஒன்பதாவது நாள் நடுவுல பேசுன ஆளு வந்தாரு. பொண்ணப் பத்தி ஒரு கொறையும் இல்லம்மா, அம்மைக்காரி வாயிதான் கொஞ்சம், துண்ட நாலா மடிச்சுப் போட்டு பூனை வெளையாட்டெல்லாம் ஆடிக்காட்டினியளாமேன்னு சொல்லிட்டு, கொண்டாந்த குடையக்கூட மறந்துட்டுப் போயிட்டாரு. அன்னைக்கு மெட்டில்டா யார் மேலதான் சந்தேகப்படல. ஜன்னலு மேல பட்டா, பால்காரன் மேல பட்டா, கஸ்பார் மேல பட்டா, ஒரு வாரம் அந்த மனுசனுக்கு ரசத்துல புளியே போடல. கித்தேரி மடியில தலைய வச்சு அழுதா. கித்தேரி அவ மூஞ்சிய தன் முந்தியால தொடச்சு விட்டா, தலைய நீவி விட்டா, சொன்னா: "எந்தப் பாவி போயிச் சொன்னான்னு தெரியலியேட்டி. அவன் வாயில மண்ணு விழ." தன் வாயிலேயே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டு நீவி விட்டிருக்கா. அந்த முந்தியில ஏலக்காய் டீ மணம் அடிச்சுச்சு. இப்பவும் அடிக்கி.

மூணாவது பத்து எப்படி ஓடுச்சுன்னு தெரியல. வெரல் உருட்டுச்சு, வாய் முணுமுணுத்துச்சு, அவ கிரைண்டர் மேல உக்காந்து சிரிச்ச கித்தேரியத் திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டு இருந்தா. அப்ப சிரிக்கையிலேயே போயிச் சொல்லணும்னு நெனச்சிருப்பாளா. இல்ல, அப்ப சிரிப்பு சிரிப்புத்தான், அதுல கள்ளம் கெடையாது, மெட்டில்டாவுக்கு சிரிப்புல கள்ளம் எதுன்னு தெரியும், அது அவ தொழிலு. பெறவு வீட்டுக்குப் போயி, உப்புமா கிண்டையில நெனச்சிருப்பா. இல்ல, அன்சிலா போட்டோவப் பாக்கையில. இல்ல, அந்தம்மா கோயில் வாசல்ல வச்சு கேட்டிருப்பாவ, அந்த வீட்டப் பத்தி நீ சொல்லு, நீ பக்கத்து வீடுதானன்னு. எதுவா இருந்தாலும் கிளாட்வினுக்கு இப்ப அன்சிலா, சட்டிக்குள்ள வேகுறது என் மக நிச்சயத்துக்கு வெந்திருக்க வேண்டிய பிஸ்கட்டு. பச்ச மாவு வாடை போயி நெய் வாடை எறங்குது. நாலாவது பரலோகமந்திரம். வானத்துல தொடங்குச்சு, சோத்துக்கு வந்துச்சு, அடுத்தது அந்தப் பொறுத்துக்கிடுற எடம். வாய் நின்னுட்டு. சரி, மொதல்ல இருந்து. வானம், சோறு, நின்னுட்டு. போஸ்ட்டு மரம் இப்ப ரோட்டுக்கு நடுவுல வந்து நிக்கி, பஸ்சு போகாது. தொண்டையச் செருமிக்கிட்டு பங்குச் சாமியார் குரல்ல சொல்லிப் பாத்தா, கடைசி எழுத்த இழுத்து இழுத்து, வழுக்கிக்கிட்டு வந்துச்சு. கஸ்பார் குரல்ல சொன்னா, பீடிய வாயோரம் வச்சுக்கிட்டு, அதுவும் வந்துச்சு. பிரிட்டோனா சிஸ்டர் குரல்ல உருட்டினா, அழகா வந்துச்சு. விண்ணரசி அம்மா மூக்கால சொன்னா, அவியகூட மன்னிக்காவ. நடுவுல பேச வந்த ஆளு மன்னிச்சாரு, பால்காரன் மன்னிச்சான். ஊரே வரிசையில வந்து கித்தேரிய மன்னிச்சுட்டுப் போகுது, மெட்டில்டாவக் காணோம். காது சுரீர்னு இழுத்துச்சு. அது அவங்க செபம், உன் செபம் எங்கே. அந்த வரியத் தாவிப் போயிருவமா. தாவுனா வேகாதுன்னு சட்டம். மேல் பலகையில ஏலக்காய் டப்பா பச்ச மூடியோட ஒக்காந்து அவளையே பாக்குது. ரெண்டே ரெண்டு. மேல தூவுற சீனியில கலந்துட்டா யாருக்குத் தெரியும். நிச்சயத் தட்டு, பட்டுச்சேலை, எல்லாரும் பாக்க விண்ணரசி அம்மா ரெண்டு வெரலால எடுத்து, கித்தேரி சொல்லிருக்கா போடலைன்னு நம்பி வாயில போட்டு, பூனை ஏறி. பூனை ஏறி கித்தேரி மடியில உக்காரும். மெட்டில்டா டப்பாவ எடுத்தா. மூடியத் தொறந்தா. மணம் மூஞ்சியில அடிச்சதும் கித்தேரி முந்தி ஞாபகம் வந்து, அழுதது ஞாபகம் வந்து, டக்குன்னு மூடிட்டா. என் கைப் பிஸ்கட்டத் தின்னு ஒருத்தருக்கு மூச்சு முட்டுச்சுங்குற பேரும் எனக்கே வரணுமா. துரோகம் செஞ்சவளுக்கு நிச்சயம், எனக்குப் பேரா.

கேட்டுருவோம். வரட்டும், நாலு மணிக்கு வருவா, மூஞ்சிக்கு நேரா கேட்டுருவோம். கேட்டா சண்ட வரும். சண்ட வந்தா தெருவு கூடும். தெருவு கூடினா கித்தேரி அவிழ்த்து விடுவா, நீ ஆடுனதத்தானட்டி சொன்னேன், இல்லாததையா சொன்னேன்னு. அது ரெக்சிலின் காதுக்குப் போகும்.  ரெக்சிலினுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. எதுக்கும்மா வேண்டாம்னாவன்னு அது கேட்டப்ப, எல்லார் குரலும் தெரிஞ்சவளுக்கு ஒரு குரலும் வரல, சாதகம் சரியில்லன்னு ஒளறினா. வேதக்காரி வீட்டுல ஏது சாதகம். புள்ள நம்பல. கண்ணாடி முன்னால போயி நின்னுச்சு, உதட்டத் தூக்கிப் பாத்துச்சு. முன்பல்லு ரெண்டும் லேசாத் தூக்கலு, மெட்டில்டாவுக்கு இருக்குற அதே பல்லு, அது இருக்குறதுனாலதான் யாரு வாயும் இவளுக்கு வரும். பல் ஆஸ்பத்திரியில சீட்டுக் கூப்பிடுற வேலை புள்ளைக்கு, அங்கனயே டாக்டர்ட்ட சொல்லி மறுவாரமே பல்லுக்குக் கம்பி போட்டுட்டு வந்துட்டு. மூணு மாசமா கஞ்சியும் ரசஞ்சாதமும்தான். பிஸ்கட்டக்கூட தண்ணியில முக்கித்தான் திங்கும். ராத்திரி வலிக்குதுன்னு பொரண்டு படுக்கும், இவ கன்னத்துக்கு ஒத்தடம் குடுப்பா, குடுத்துக்கிட்டே, மக்கா ஒன் பல்லால இல்ல, அம்மை வாயாலன்னு சொல்ல வாயத் தொறப்பா, மூடுவா. கித்தேரியும் நீவித்தான் விட்டா. நானும் நீவித்தான் விடுதேன். இந்த நெனப்பு வந்ததும் அத ஒரு ஓரமாத் தள்ளினா, அது வேற கணக்கு, அத என் மககிட்ட நான் தீர்க்கணும், இது கித்தேரி கணக்கு. ஆனா தள்ளத் தள்ள ரெண்டும் ஒரே எடத்துல வந்து ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. நாலாவது பரலோகமந்திரம். வானம். சோறு. வெரல் அந்தப் பெரிய மணியிலேயே கெடக்கு, வேர்வையில வழுக்குது. நெய் வாடை நல்ல மணமா மாறிட்டு, இதுதான் பக்குவம், இப்ப எறக்குனா மணல் நெறத்துல அடி, மேல வெள்ள, கையில எடுத்தா ஒடையாது, வாயில வச்சா நிக்காது. கை பொறுக்குற சூட்டுல சீனியத் தூவணும், முந்துனா உருகிரும், பிந்துனா ஒட்டாது. எல்லாம் தெரியும். கை போகல. மணி முடியலியே. வானம். சோறு. பக்குவம் தாண்டுது. மணத்துக்கு அடியில ஒரு கசப்பு, நூல் மாதிரி, மெல்ல வருது.

வாசல்ல செருப்பக் கழத்துற சத்தம். "மெட்டில், ஆச்சாட்டி? ஆட்டோ நிக்கி."

புதுச் சேலை, தலையில பிச்சிப்பூவு. கித்தேரி அடுப்படி நெலையில வந்து நின்னா. மெட்டில்டா திரும்பினா. தோள்ல துண்டு நாலா மடிஞ்சு கெடக்கு, எப்ப மடிச்சா, எப்பப் போட்டா, அவளுக்கே தெரியாது. ரெண்டு வெரல் தானா எந்திரிச்சுச்சு, மூக்கு விரிஞ்சுச்சு. "ஏலக்காயா போட்டுருக்கு. எனக்கு ஆகாதே. தொண்டையில பூனை ஏறி உக்காந்துக்கிடும்."

கித்தேரி சிரிச்சுட்டா. இருபத்திரெண்டு வருசப் பழக்கம், புத்திக்கு முந்தி சிரிப்பு வந்துட்டு. நெலையப் புடிச்சுக்கிட்டு, தோள் குலுங்க, கண்ணுல தண்ணி வர சிரிச்சா. அந்தச் சிரிப்பு பாதியில நின்னுச்சு. வாய் மட்டும் தொறந்தபடி இருந்துச்சு.

"யாருட்டி சொன்னா ஒனக்கு?"

"நீதான். காலையில. ஏலக்காய் போடாதன்னு."

கித்தேரி பூவத் தொட்டுப் பாத்துக்கிட்டா, அது விழுந்துட்டான்னு பாக்குற மாதிரி. "மெட்டில், மாதா மேல சத்தியமா நான் வேணும்னு சொல்லலட்டி. அவியதான் தோண்டித் தோண்டிக் கேட்டாவ. ஏதோ வாய் தவறி..."

"துண்டக்கூடவா வாய் தவறி மடிச்ச?"

 வெளிய ஆட்டோக்காரன் ஆரன் அடிச்சான்.

"ஒனக்கு ஒருத்தர் மாதிரியும் வராதட்டி," மெட்டில்டா சொன்னா, மெதுவாத்தான் சொன்னா. "ஒன் அம்மை மாதிரிகூட வராது. அங்க போயி எப்படி ஆடுன? எனக்கு ஒருக்க ஆடிக்காட்டு. சிரிக்கேன்."

கித்தேரி தலையக் குனிஞ்சா. குனிஞ்ச தல டக்குன்னு நிமிந்துச்சு. மூடி ஓரத்துல இருந்து பொகை நீலமா, நூல் நூலா வந்து குழவியச் சுத்திக்கிட்டு மேல போகுது. "ஏட்டி, கருகுது."

மெட்டில்டா அசையல. பெருவெரல் அதே மணியில இருந்துச்சு.

"மெட்டில், அடுப்ப அணையேன். அவிய அஞ்சு மணிக்கு வந்துருவாவ. நான் வெறுந்தட்டோட எப்படிட்டி போயி நிப்பேன்."

மெட்டில்டா துண்டத் தோள்ல இருந்து எடுத்துக் கீழ வச்சா. பெறவு பேசுன குரல் சாமியார் குரல் இல்ல, சிஸ்டர் குரல் இல்ல, தெருவுல யாரு குரலும் இல்ல. கித்தேரி இத்தன வருசத்துல அதக் கேட்டதே இல்ல.

"இன்னும் மணி முடியல கித்தேரி. ஒரு வரி பாக்கி நிக்கி."